மேஜை மேல் ஒரு தனுஷ்கோடி

பொம்மை ரயில் என்றால் இங்கே பலருக்கும் ஞாபகம் வருவது திருவிழாக் கடையில் விற்கும் தகர ரயில்தான். சாவி கொடுத்தால் வட்டமாக நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும். மறுநாள் சாவி தொலைந்துவிடும். அதோடு கதை முடிந்தது.

வேறு சில நாடுகளில் மாதிரி ரயில் என்பது பெரியவர்கள் சமாசாரம். ஹாம்பர்க் நகரில் 2001ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். இந்தியாவிலேயே புனேயில் ஜோஷி என்பவர் 1998ல் திறந்த சின்ன ரயில் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. ஹாம்பர்க்காரர்கள் முதலில் கட்டிய க்னுஃபிங்கன் என்ற ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது, கற்பனை ஊர். புனேயில் இருக்கும் நகரமும் கற்பனைதான்.

கற்பனை ஊர் கட்டுவதில் ஒரு பெரிய சௌகரியம். தப்பே செய்ய முடியாது. மலை வேண்டுமா, வைத்துக்கொள்ளலாம். சர்ச்சுக்குப் பக்கத்தில் சர்க்கஸ் கூடாரம் வேண்டுமா, யார் கேட்கப் போகிறார்கள்? அழகாக இருந்தால் போதும். ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. நிஜமாக இருந்த ஓர் ஊரை, நிஜமாக இருந்த ஒரு வருடத்தில், இருந்தபடியே செய்வது. இதில்தான் வம்பு ஆரம்பம்.

இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் ராய் இங்கிலாந்து (ஆமாம், பெயரே அப்படித்தான்). ஆஸ்திரேலியாக்காரர். இளைஞராக 1925ல் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே இருக்கும் வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு அவருக்குப் பிடித்துப்போயிற்று. வைக்கோல் கூரை வீடுகள், கிராமத்து மதுக்கடைகள், மண் ரோடுகள். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. கூரை போய்த் தகடு வந்தது. பழைய வீடு இடிந்து புது வீடு வந்தது. அவர் போராட்டம் நடத்தவில்லை, பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் திருப்திப்படவும் இல்லை. அளவு நாடாவையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அளந்தார். அளந்ததை 76ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்ய ஆரம்பித்தார். 1954ல் லாங் விட்டன்ஹம் கிராமத்தில் அது பெண்டன் அருங்காட்சியகம் ஆயிற்று. அவர் காலமான பிறகும் தன்னார்வலர்கள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சில வீடுகளுக்கு ஒரு வீட்டுக்கே பல நூறு மணி நேரம் ஆகியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வீட்டுக்கு! நிஜ வீட்டையே கட்டிவிடலாமே என்று தோன்றுவது நியாயம்தான்.

பெண்டனில் ரயில் ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் அங்கே ரயில் ஒரு சாக்கு. காப்பாற்றப்பட்டிருப்பது ஊர்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு வேலை செய்வதென்றால் எந்த ஊரைச் செய்வது? ஊட்டி மலை ரயில் என்று சட்டென்று பதில் வரும். வேண்டாம். அது இன்னும் ஓடுகிறது, டிக்கெட் எடுத்தால் நிஜத்தையே பார்க்கலாம். செய்ய வேண்டியது தனுஷ்கோடி. அதுவும் பாம்பன் பாலம் இல்லாத தனுஷ்கோடி.

பாலம் வேண்டாம் என்றால் பலருக்குக் கோபம் வரலாம். மாதிரி ரயில் செய்பவர் எவரும் முதலில் கை வைப்பது பாலத்தில்தான். 1914 பிப்ரவரி 24ல் திறந்த பாலம், கடலுக்கு மேல் இரண்டு கிலோமீட்டர், நடுவில் கப்பலுக்கு வழிவிட்டுக் கையைத் தூக்கும் ஷெர்சர் தூக்குப் பாலம். பார்க்கவே பிரமாதம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலகில் அதிகம் புழங்கும் அளவு 87ல் ஒரு பங்கு. 2,065 மீட்டர் பாலத்தை 87ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 24 மீட்டர். கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதைவிடச் சின்ன அளவான 160ல் ஒரு பங்கில் செய்தாலும் 13 மீட்டர். தூக்குப் பாலம் மட்டுமே 200 அடிக்கு மேல். அதுவே 70 சென்டிமீட்டருக்குக் குறையாது. இரு பக்கமும் நாற்பதடி நீள இரும்புத் துலாக்கள் 140க்கும் மேல். அவற்றில் எத்தனையை வைப்பது, எத்தனையை விடுவது? பத்து வைத்தால் அது பாம்பன் பாலமா, பாலாற்றுப் பாலமா?

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பார்த்தவுடன் ஊரை அடையாளம் காட்டுவதை வைத்துக்கொண்டு, மற்றதைச் சுருக்குவது அல்லது விடுவது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 20 கிலோமீட்டருக்கும் அதிகம். 87ல் ஒரு பங்கிலும் 230 மீட்டர் தண்டவாளம் தேவை. அம்பானி வீட்டில்கூட இடம் போதாது. ஆக எதையாவது விட்டே ஆக வேண்டும். கேள்வி, எதை என்பதுதான். பாலத்துக்குப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, சினிமாவில் வந்திருக்கிறது, வரைபடங்கள் உண்டு. 1964 புயலில் 126 துலாக்கள் அடித்துக்கொண்டு போன பிறகும் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மறுபடி நிறுத்தினார்கள். 2007ல் அகலப் பாதையாக மாற்றினார்கள். 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டது. பாலத்துக்கு வாரிசு இருக்கிறது. தனுஷ்கோடித் துறைக்கு வாரிசே இல்லை.

இன்று ராமேஸ்வரம் போகிறவர்கள் தனுஷ்கோடியில் பார்ப்பது என்ன? இடிந்த சர்ச் சுவர், தபாலாபீஸின் மிச்சம், ரயில் நிலையத்தின் மிச்சம். 2017ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு கூட்டம் அதிகம். வேனில் போய் இறங்கி, இடிந்த சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்து, சங்கு மாலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பேய் நகரம் என்று ஒரு பட்டம் வேறு. அந்த ஊர் எதற்காக இருந்தது என்பது போட்டோவில் வராது.

எதற்காக இருந்தது? 1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பும் போட் மெயில் நேராகத் தனுஷ்கோடிக்குப் போனது. (அதற்கு முன் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தது.) அன்றைக்குப் பிரதானப் பாதை தனுஷ்கோடிக்குத்தான், ராமேஸ்வரம் பாம்பனிலிருந்து பிரியும் கிளைப் பாதை மட்டுமே. ரயில் கடலோரத் துறைவரை போகும். பயணிகள் இறங்கி, சாமான்களோடு கப்பலுக்கு நடப்பார்கள். இர்வின், கோஷன் என்றெல்லாம் அங்கே கப்பல்கள் ஓடியிருக்கின்றன. அக்கரையில் தலைமன்னார் துறையில் இறங்கினால் கொழும்பு ரயில் காத்திருக்கும். ஒரே டிக்கெட்டில் எழும்பூரிலிருந்து கொழும்பு கோட்டை. இன்று சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலை இன்னமும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். போட்தான் இல்லை.

ஆகவே மேஜையில் வைக்க வேண்டியது துறை. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் கப்பல், நடுவில் மனிதர்கள். எட்டடி நீளப் பலகை 87ல் ஒரு பங்கில் 212 மீட்டருக்குச் சமம். ஒரு எஞ்சினும் ஆறு பெட்டியும் சேர்ந்து ஐந்தரை அடிக்குள் அடங்கிவிடும். கப்பல் 250 அடி என்று வைத்துக்கொண்டாலும் மூன்றடி. ஒரு படுக்கையறைச் சுவரோரம் போதும். நிச்சயமாக முடிகிற காரியம்.

தண்டவாளத்துக்கும் வழி இருக்கிறது. அந்தப் பாதை மீட்டர் கேஜ். 1,000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. யாருக்காகச் செய்கிறார்கள் தெரியுமா? சுவிட்சர்லாந்தின் ரேஷியன் ரயில்வேக்காக. ஆல்ப்ஸ் மலையில் ஓடும் அந்த ரயிலும் மீட்டர் கேஜ்தான். பனிமலைக்குச் செய்த தண்டவாளம் தனுஷ்கோடி மணலுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்த மாமாவும் வந்து கண்டுபிடிக்கப் போவதில்லை.

மணல்தான் ஏமாற்றும். நிஜத் தனுஷ்கோடி மணலை ஒரு பையில் அள்ளி வந்து பசை தடவித் தூவினால் பிரமாதமாக இருக்கும் என்று தோன்றும். இருக்காது. அரை மில்லிமீட்டர் மணல் துகள் இந்த அளவில் நாலு சென்டிமீட்டர் கூழாங்கல். ஊரே ஜல்லி கொட்டிய ரோடு மாதிரி ஆகிவிடும். மணலுக்கு மணலைவிடப் பொடியான ஏதாவது வேண்டும், சலித்த கல் மாவு மாதிரி. கடலும் அப்படித்தான், ஒரே கடல் இல்லை. வடக்கே பாக் நீரிணை, அமைதி. தெற்கே மன்னார் வளைகுடா, ஆர்ப்பாட்டம். அந்தப் பக்கத்து மக்கள் பெண்கடல், ஆண்கடல் என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நீலத்தில் பெயிண்ட் அடித்தால் ராமேஸ்வரத்துச் சின்னப் பையன்கூடச் சிரிப்பான்.

சரி, எந்த நாள்? இதுதான் நிஜமான சண்டை.

தனுஷ்கோடி என்றதும் எவர் மனசிலும் வருவது 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சரை அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தக் காட்சியைச் செய்தால் கூட்டம் கூடும் என்பது நிச்சயம். பிசினில் ராட்சச அலை, கவிழ்ந்த பெட்டிகள், மின்னலுக்கு மினுக் மினுக் என்று ஒரு விளக்கு. பத்திரிகையில் போட்டோகூட வரும். கூடவே கூடாது. செத்தவர்களின் கடைசி நிமிடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மூடி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, அந்த ஒரு ராத்திரியைத் தவிரத் தனுஷ்கோடியைப் பற்றி வேறெதுவும் ஜனங்களுக்குத் தெரியாமல் போனதே இப்படிப்பட்ட ஆர்வத்தால்தான். அந்தத் துறை ஐம்பது வருடம் வேலை செய்தது. ஐம்பது வருடத்தில் பதினெட்டாயிரம் நாட்களுக்கு மேல் இருக்கின்றன. அந்த ஒரு நாளை விட்டுவிட்டு மற்றதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பதினெட்டாயிரமும் ஒன்றில்லை. 1951 ஏப்ரல் 14க்கு முன்பு என்றால் பெட்டியில் சவுத் இந்தியன் ரயில்வேயின் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பின் தெற்கு ரயில்வே. எழுத்து ஒன்று, வண்ணம் ஒன்று, பயணிகள் உடுப்பு ஒன்று என்று எல்லாமே தேதியைக் கேட்கும். 1920கள் என்றால் பார்க்க அழகு, தொப்பி போட்ட துரைமார்களை நிறுத்தலாம், ஜெர்மனியிலிருந்து வரும் பொம்மை மனிதர்களே போதும். அதனாலேயே அது வேண்டாம். 1960 முதல் 64க்குள் ஒரு சாதாரணக் காலை நேரம்தான் சரி. காரணம் எளிது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புயலடித்தபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்றைக்கு எழுபது தாண்டிவிட்டது. ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் தொண்ணூறை நெருங்குவார்கள். இன்னும் பத்து வருடம் கழித்து ஆரம்பித்தால் கேட்க ஆளிருக்காது.

அந்தத் துறையில் நின்றவர்கள் யார்? இதைத்தான் மாதிரி ரயில்காரர்கள் வழக்கமாகக் கோட்டை விடுகிறார்கள். எஞ்சினின் ஒவ்வொரு திருகாணியும் சரியாக இருக்கும். பிளாட்பாரத்தில் மட்டும் கடையில் வாங்கிய ஆறு பேர் நிற்பார்கள். தனுஷ்கோடியில் அது நடக்கக் கூடாது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் போனார்கள். 1914க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோரின் வழி இதுதான். கடலைத் தாண்டுவதற்கு முன் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தங்க வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து, அம்மை ஊசி போட்டு அனுப்பினார்கள். 1939ல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்திய பிறகும், ஏற்கெனவே போனவர்கள் கல்யாணம், சாவு, கோயில் கொடை என்று ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 1948ல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அதற்கு எட்டு வாரம்கூட ஆகவில்லை, புயல் வந்து துறையையே கொண்டுபோயிற்று. திரும்பி வந்தவர்கள் பின்னாளில் ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள்.

ஆக, 87ல் ஒரு பங்கில் 19 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கப்போகும் அந்த மனிதர்களுக்குத் தகர டிரங்குப் பெட்டி வேண்டும், துணி மூட்டை வேண்டும், இடுப்பில் குழந்தை வேண்டும். இது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒவ்வொன்றாகக் கையால்தான் செய்ய வேண்டும். எஞ்சினுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இவர்களுக்குக் கொடுக்காவிட்டால் மாதிரியே தேவையில்லை.

இதற்கெல்லாம் ஒரு புத்தகம் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் செய்தால் செலவு கம்மி என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். கம்ப்யூட்டரில் செய்ததை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் முடிவெடுக்கும் அவசரம் வராது. முதல் கேள்விதான் கனமானது. புத்தகத்தில் 'நிலையத்துக்கு அருகே தண்ணீர்த் தொட்டி இருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விடலாம். மாதிரியில் முடியாது. அருகே என்றால் எந்தப் பக்கம், எத்தனை அடி, கால்கள் கல்லா இரும்பா என்று சொல்லியே ஆக வேண்டும். பசை வைத்து ஒட்டியாக வேண்டும். இரண்டு பெரியவர்களைக் கேட்டால் ஒருவர் கிழக்கே என்பார், ஒருவர் மேற்கே என்பார். அப்போது இடிபாட்டில் போய் அளக்க வேண்டும், பழைய போட்டோவில் நிழல் விழும் திசையைப் பார்க்க வேண்டும், ரயில்வேயின் பழைய நிலைய வரைபடத்தைத் தேடி அலைய வேண்டும். பேச்சில் மழுப்பலாம். பலகையில் மழுப்ப இடமில்லை. இந்தக் கட்டாயத்துக்காகவே இதைச் செய்யலாம்.

பணம்? ஆகும். இறக்குமதித் தண்டவாளம் மலிவில்லை. மீட்டர் கேஜ் எஞ்சின், அதுவும் இந்திய எஞ்சின், பெட்டியைத் திறந்தால் ஓடும் என்கிற மாதிரி கிடைக்காது, உடலைத் தனியாகச் செய்து ஓடுகிற அடிச்சட்டத்தில் பொருத்த வேண்டும். விற்றால் போட்ட காசு வராது. கணக்குப்பதிவியல்படி பார்த்தால் இது சுத்த நஷ்டம், முதல் வருடமே தள்ளுபடி எழுதிவிடலாம். ஆனால் தள்ளுபடி எழுதுவதில் தனுஷ்கோடிக்கு ஏற்கெனவே அனுபவம் இருக்கிறது. புயலுக்குப் பிறகு அரசாங்கம் அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது, ரயில்வே பாதையைத் திரும்பப் போடவில்லை. பேரேட்டில் ஒரு வரி அடித்ததோடு முடிந்தது. தண்டவாளத்துக்கும் கட்டடத்துக்கும் மதிப்புப் போட்டிருப்பார்கள். பயணம் சொல்லிவிட்டுத் துறையில் நின்ற பழக்கத்துக்கு எந்தப் பத்தியில் மதிப்பு எழுதியிருக்க முடியும்?

அக்கரையில் தலைமன்னார் துறைக்கு 2015 மார்ச்சில் மறுபடி ரயில் விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் தண்டவாளம் கடல்வரை வந்து நிற்கிறது. இந்தப் பக்கம் ராமேஸ்வரத்தோடு சரி.

யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால், முதலில் பலகை வாங்க வேண்டாம், எஞ்சின் வாங்க வேண்டாம். ஒரு ஐம்பதடி அளவு நாடா, ஒரு நோட்டு, ஒரு டேப் ரெக்கார்டர் அல்லது செல்போன் போதும். காலை வெயில் ஏறுவதற்குள் நிலையத்தின் இடிபாட்டை அளந்துவிட்டு, மத்தியானம் பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்ப் பெரியவர்களைத் தேடலாம். முதல் கேள்வி புயலைப் பற்றி இருக்கக் கூடாது. அதை அவர்கள் நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்திருப்பார்கள். கப்பல் வரும் நேரத்தில் துறையில் டீக்கடை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கலாம்.